மோட்டார் வண்டியின் கன்வர்ட்டரும் அதன் பிணியும்

மோட்டார் வண்டியின் அடிப்புறத்தில், எஞ்சினுக்கும் சைலன்ஸருக்கும் இடையே, தகரப் பேழை போன்ற ஓர் உறுப்புப் பொருத்தப்பட்டிருக்கிறது. வண்டி ஓட்டுவோருட் பெரும்பாலார் அதனைக் கண்டதில்லை. அஃது கெட்டுவிட்டது என்று பட்டறையிற் சொல்லப்படும் நாளன்றே அதன் பெயரை முதன்முதற் கேட்கின்றனர். 'கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்' என்பது அதன் முழுப்பெயர். வினையூக்கியின் துணைகொண்டு நச்சுவாயுக்களைத் தீங்கு குறைந்த வாயுக்களாக மாற்றும் கலம் என்பது பொருள். பட்டறையாரைப் பின்பற்றி யாமும் இக்கட்டுரையில் அதனைக் கன்வர்ட்டர் என்றே குறிப்போம்.

இதனைப்பற்றி எழுத நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நம் கல்லூரியிற் பணிபுரியும் நண்பர் ஒருவரின் பெட்ரோல் வண்டியில், எஞ்சின் உருவம் பொறித்த மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கிற்று. பட்டறையில் ஸ்கேனர் என்னும் கருவியை மாட்டிப் பார்த்து, கன்வர்ட்டர் போயிற்று என்றனர். மகளின் படிப்புக்கென ஒதுக்கி வைத்திருந்த தொகையை எடுத்து அவர் புதியதொன்றை மாட்டுவித்தார், விளக்கு அணைந்தது. பதினொரு மாதம் சென்றபின் அதே விளக்கு மீண்டும் எரிந்தது. அதே பட்டறையில் அதே விடை கிடைத்தது. இன்னொரு முறை அத்துணைப் பணத்துக்கு எங்கே போவேன் என்று அவர் எம்மிடம் வந்து வருந்தினார்.

யாம் இரசாயனம் கற்பிப்போர். வண்டி பழுதுபார்ப்போர் அல்லேம். எனினும் வினையூக்கி எம் பாடப்பொருள். வினையை விரைவுபடுத்தியும் தான் செலவழியாது நிற்பது எதுவோ அதுவே வினையூக்கி என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி வருகிறோம். செலவழியாத பொருள் பதினொரு மாதத்தில் எங்ஙனம் மடிந்தது? இவ்வினா எம்மை விடவில்லை. பௌதிக ஆசிரியர் ஒருவரும், மூன்றாமாண்டு மாணவர் நால்வரும், நாற்பது ஆண்டு தொழில் செய்து ஓய்ந்த மேஸ்திரி ஒருவரும் உடன்சேர, இரண்டு சனிக்கிழமைகளில் அவ்வண்டியைச் சோதித்தோம். மேஸ்திரியார் வண்டியைத் தொடுமுன்னரே, "கன்வர்ட்டர் தானாகச் சாவதில்லை ஐயா, அதைக் கொல்வது வேறொன்று. அதைப் பிடியாமல் இதை மாற்றினால் புதியதும் சாகும்" என்றார். அவர் கூற்றின் உண்மையை அறிய வேண்டுமாயின், கன்வர்ட்டரின் இயல்பைச் சிறிது விரிவாக அறிதல் வேண்டும்.

வினையூக்கியின் வரலாறு மோட்டார் வண்டியினும் மூத்தது. 1817-ஆம் ஆண்டில் ஹம்ஃப்ரி டேவி, எரிவாயுவும் காற்றும் கலந்த கலவையில் சூடேற்றிய பிளாட்டினக் கம்பியை நுழைத்தபோது, சுடர் ஏதும் இன்றியே அக்கம்பி செந்தணலாய் ஒளிர்வதைக் கண்டார். 1823-இல் ஜெர்மானியராகிய டோபரைனர், துளைகள் மலிந்த பஞ்சு போன்ற பிளாட்டினத்தின்மீது ஹைட்ரஜன் வாயுவைப் பாய்ச்சி, அது காற்றில் தானே தீப்பற்றச் செய்தார். அம்முறையில் அமைந்த விளக்கு பல்லாண்டு விற்பனையில் இருந்தது. 1835-இல் ஸ்வீடன் நாட்டுப் பெர்ஸீலியஸ் இத்தகைய நிகழ்ச்சிகளுக்கெல்லாம் 'கேட்டலிஸிஸ்' என்னும் பெயரைச் சூட்டினார். ஆகவே, பிளாட்டினத்தின்மேல் வாயுக்கள் சுடரின்றி எரியும் என்பது புகைவண்டி பரவுதற்கு முன்னரே அறிந்த செய்தி. அதனை மோட்டார் வண்டிக்குப் பயன்படுத்தும் அவசியம் நூறாண்டு கழித்தே எழுந்தது.

அவ்வவசியத்தை உண்டாக்கிய ஊர் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ். 1940-க்குப் பிந்திய ஆண்டுகளில் அந்நகரைக் கண்ணெரிச்சல் தரும் பழுப்பு மூட்டம் அடிக்கடி சூழ்ந்தது. வண்டிகளும் தொழிற்சாலைகளும் விடும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வெயிலிற் கூடி ஓசோனை விளைவிப்பதே அதன் காரணம் என்பதை ஹாகன்-ஸ்மிட் என்ற இரசாயன அறிஞர் ஆய்ந்து காட்டினார். பிரான்ஸிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய யூஜீன் ஹூட்ரி, கல்லெண்ணெயிலிருந்து பெட்ரோல் ஆக்கும் தொழிலில் வினையூக்கியைப் புகுத்திப் புகழ்பெற்றவர்; அவரே வண்டிப் புகைக்குரிய கன்வர்ட்டரையும் அமைத்து 1956-இல் காப்புரிமை பெற்றார். ஆனால் அவருடைய கலத்துக்கு ஒரு பகை இருந்தது. எஞ்சினின் தட்டலைத் தணிப்பதற்காக ஈயச்சேர்மத்தைப் பெட்ரோலிற் கலக்கலாம் என்று 1921-இல் தாமஸ் மிட்ஜ்லி கண்டிருந்தார். அன்று விற்ற பெட்ரோலிற் பெரும்பகுதி ஈயம் கலந்தது. ஈயம் வினையூக்கியின்மேற் படிந்து அதன் முகத்தை மூடிவிடும். ஹூட்ரி 1962-இல் காலமானார். தம் கலம் வீதியில் ஓடுவதை அவர் காணவில்லை. 1970-இல் அமெரிக்கா இயற்றிய கடுமையான காற்றுத் தூய்மைச் சட்டத்தின் பயனாக, 1975-ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளில் கன்வர்ட்டர் இடம்பெற்றது. அதற்கென ஈயமற்ற பெட்ரோலும் வந்தது. நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டு ஏப்ரலில் டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களிலும் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. 2000-ஆம் ஆண்டு தொடங்கியபின் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படலாயிற்று. வினையூக்கியை விஷமாக்கும் பொருளை எரிபொருளினின்று விலக்கினாலன்றி வினையூக்கி வாழாது என்பதை இவ்வரலாறே காட்டுகிறது. நண்பரின் வண்டிக்கும் இது பொருந்தும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

இனிக் கலத்தின் உள்ளமைப்பு. துருவேறா எஃகுக் கூட்டினுள், வெப்பம் தாங்கும் நார்ப்பாய் சுற்றிய பீங்கான் கட்டி ஒன்று இருக்கிறது. 'கார்டியரைட்டு' என்னும் பொருளாலாகிய அக்கட்டி முழுதும் தேனடை போல நுண்துளைகள் கொண்டது. ஒரு சதுர அங்குலத்தில் 400 துளைகள் இருத்தல் பொதுவழக்கு. ஒரு முனையிற் கண்ணை வைத்தால் மறுமுனையின் வெளிச்சம் தெரியும். துளைகளின் உட்சுவரில் அலுமினாப் பூச்சு. நுண்ணோக்கியிற் பார்த்தால் அது மேடும் பள்ளமுமாய், கைப்பிடியளவான பொருளில் ஒரு வயல்வெளியின் பரப்பை அடக்கியிருக்கும். அப்பரப்பிற்றான் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உயர்ந்த உலோகங்கள் கண்ணுக்குப் புலனாகா நுண்மணிகளாகத் தூவப்பட்டுள்ளன. அவற்றின் மொத்த எடை சில கிராம்களே. விலை முழுதும் அங்கேதான் இருக்கிறது.

பெட்ரோல் முற்றும் எரியுமாயின் கரியமிலவாயுவும் நீராவியுமே எஞ்சும். ஆனால் எஞ்சினுள் ஒரு முறை தீப்பற்றி அணையக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியின் மிகச் சிறு கூறு. எனவே அரைகுறையாய் எரிந்த கார்பன் மோனாக்ஸைடும், எரியாது தப்பிய ஹைட்ரோகார்பன்களும், கடுஞ்சூட்டில் காற்றின் நைட்ரஜனே எரிந்து உண்டாகும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வெளிப்படுகின்றன. இவற்றுள் முதலாவது நிறமும் மணமும் இல்லாதது. இரத்தத்திற் கலந்து உயிரைப் போக்குவது. கதவடைத்த கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டுச் சோதனை செய்வோர் இதனை ஒருபோதும் மறத்தலாகாது.

இங்கே ஒரு முரண்பாடு இருக்கிறது. முன்னிரண்டு நச்சுக்களையும் ஒழிக்கப் பிராணவாயுவைச் சேர்த்தல் வேண்டும். மூன்றாவதை ஒழிக்கவோ பிராணவாயுவைப் பறித்தல் வேண்டும். ஒரே கலம் ஒரே வேளையில் கொடுக்கவும் பறிக்கவும் வல்லதாதல் எங்ஙனம்? ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு எடையுள்ள காற்று என்னும் அளவு தவறாதிருந்தால் மட்டுமே அது கூடும். காற்று மிகுந்தால் நைட்ரஜன் ஆக்ஸைடு தப்பும். பெட்ரோல் மிகுந்தால் மற்றவிரண்டும் தப்பும். இவ்வளவைக் காக்க, புகைக்குழாயில் 'ஆக்ஸிஜன் சென்சார்' என்னும் உணர்கருவி ஒன்று வைத்தனர். புகையில் பிராணவாயு எஞ்சியிருந்தால் அது 0.1 வோல்ட்டளவு மின்னழுத்தம் காட்டும்; எஞ்சாவிடில் 0.9 வோல்ட்டு வரை ஏறும். அதனைப் பார்த்து எஞ்சினின் கணினி பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும், வண்டியோட்டி சுக்கானைச் சிறிது இப்படியும் அப்படியும் திருப்பி நேர்வழி செல்வதுபோல, அளவைக் காக்கிறது. சென்சாரோடு கூடிய இம்முறை 1977-ஆம் ஆண்டு மாதிரி வால்வோ வண்டிகளில் கலிபோர்னியாவில் முதன்முதல் விற்பனைக்கு வந்தது.

கணினியின் இவ்வூசலாட்டத்தைத் தாங்கும் பொருட்டு அலுமினாப் பூச்சில் சீரியம் ஆக்ஸைடு சேர்க்கப்பட்டுள்ளது. பிராணவாயு மிகும்போது அதனை வாங்கி வைத்துக் குறையும்போது திருப்பித் தரும் இயல்பு அதற்கு உண்டு. அறுவடையில் நிறைந்து பஞ்சத்தில் திறக்கும் நெற்குதிர் என்க. குதிர் நிறைவாயிருக்கும் வரையில், முன்னே வரும் புகை எத்துணை ஆடினும் பின்னே செல்லும் புகை அமைதியாகவே செல்லும்.

மஞ்சள் விளக்கின் மர்மம் இக்குதிரில்தான் அடங்கியிருக்கிறது. கன்வர்ட்டருக்குப் பின்னும் ஒரு சென்சார் உண்டு. முன் சென்சார் துள்ள, பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட்டில் அசையாது நின்றால் கலம் நலமாயுள்ளது என்று கணினி கொள்ளும். பின்னதும் முன்னதைப் போலவே துள்ளத் தொடங்கினால், குதிர் வறண்டது என முடிவுசெய்து, 'பி-0420' என்னும் குறியீட்டை நினைவில் எழுதி விளக்கை ஏற்றும். முன் சென்சார் புதுவகையானதாயின் அதன் அளவீடு வேறு, தத்துவம் ஒன்றே. நண்பர் வண்டியில் இருந்தது பழைய வகை.

ஈண்டு மாணவர் கவனிக்கற்பாலது யாதெனில், கணினி எந்த நச்சுவாயுவையும் அளக்கவில்லை என்பதே. குதிரின் நிறைவை அளந்து, அதிலிருந்து கலத்தின் திறமையை அனுமானிக்கிறது. அனுமானம் பெரும்பாலும் சரி. எனினும் அதனைப் பிழைப்படுத்தும் காரணங்கள் உள. குழாயில் விரிசல் இருந்து வெளிக்காற்று உட்புகுந்தால் சென்சார் ஏமாறும். சென்சாரே மூத்துத் தளர்ந்திருக்கலாம். பெட்ரோலின் அளவே பிறழ்ந்திருக்கலாம். இவையெல்லாம் இல்லையென்று தெளிந்தபின்னரே கலத்தைக் குற்றவாளி எனல் தகும். அப்பொழுதும் 'என்ன கெட்டது' என்பதற்கே விடை கிடைத்திருக்கும். 'எதனாற் கெட்டது' என்பதற்குக் குறியீட்டில் விடையே இல்லை.

முதற் சனிக்கிழமை காலையில் ஸ்கேனரை மாட்டினோம். பி-0420 நின்றது. அழித்துவிட்டு மீண்டும் வருகிறதா பார்ப்போம் என்று ஒரு மாணவர் பொத்தானைத் தொடப்போக, மேஸ்திரியார் தடுத்துவிட்டார். குறியீட்டை அழித்தால் அதனோடு கணினி குறித்துவைத்த மற்றக் குறிப்புகளும் அழியும். சாட்சி பேசுமுன் வாயை மூடுவதாகும் அது. ஸ்கேனரில், உறுதிப்படாத குறியீடுகள் என்று தனிப்பக்கம் ஒன்று உண்டு. அதனைத் திறக்கவே, பி-0302 என்பது தென்பட்டது. இரண்டாம் சிலிண்டரில் இடையிடையே தீப்பற்றாமை என்பது அதன் பொருள். அவ்வப்போது மட்டும் நேர்ந்தமையால் அது உறுதிப்படாமலேயே கிடந்திருக்கிறது. பட்டறையார் அந்தப் பக்கத்தைத் திறந்ததாகத் தெரியவில்லை.

ஆயினும் அதன்மேற் பாயாமல் ஒழுங்காகவே சென்றோம். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் இயக்கி, பின்குழாயை ஈரத்துணியால் சில நொடி பாதி மூடி, இணைப்புகளிற் சோப்புநீர் தடவிப் பார்த்தோம். எங்கும் குமிழி எழவில்லை. ஒழுக்கு இல்லை. பின் சென்சாரைச் சோதிக்க வண்டியை ஓட்டி, முடுக்கியை அழுத்தியபோது 0.8 வோல்ட்டுக்கு ஏறுவதையும், இறக்கத்தில் முடுக்கியை விட்டபோது கணினி பெட்ரோலை நிறுத்த, அளவு பூச்சியத்தை நெருங்குவதையும் கண்டோம். சென்சார் உயிரோடிருக்கிறது. பெட்ரோலைக் கணினி எவ்வளவு திருத்துகிறது என்று பார்த்தால், கூட்டலும் குறைத்தலும் நூற்றுக்கு நான்கைத் தாண்டவில்லை. நூற்றுக்குப் பத்தைத் தாண்டினாலே கவலைப்படுவது வழக்கம். பிறகு இரு சென்சார்களின் வரைகோடுகளையும் ஒரே திரையில் வைத்து நோக்கினோம். ஒன்று ஆட, மற்றொன்றும் உடன் ஆடிற்று. ஆகவே கன்வர்ட்டர் மெய்யாகவே கெட்டிருந்தது. பட்டறையார் சொன்னது பொய்யன்று, பாதி உண்மை.

அடைப்பு உளதோ என்று அறிய, எஞ்சின் ஆறியபின் முன் சென்சாரைக் கழற்றி அத்துளையில் அழுத்தமானியைத் திருகினோம். எஞ்சின் நின்றவாறே மெல்ல ஓடுகையில் 0.1 பார், நிமிஷத்துக்கு 2,500 சுற்றில் 0.35 பார். நல்ல வண்டியில் இது 0.2 பாரைத் தாண்டுவது அரிது. மேட்டில் வண்டி மூச்சுத்திணறுகிறது என்று நண்பர் சொல்லிவந்ததற்கு விளக்கம் கிடைத்தது. ரப்பர்ச் சுத்தியலால் கலத்தை மெல்லத் தட்டியபோது, சிறுகல் உருளும் ஓசை கேட்டது; பீங்கான் உடைந்திருக்கிறது. கலத்தின் முன்னும் பின்னும் வெப்பத்தை அளந்து ஒப்பிடும் முறை ஒன்று வழக்கில் உண்டு. பின்பக்கம் சூடு மிகுந்திருந்தால் கலம் வேலை செய்கிறது என்பர். இக்காலத்து எஞ்சின்களில் எரிய எஞ்சுவதே மிகக் குறைவாதலின், நல்ல கலத்திலும் அவ்வேற்றுமை தெளிவாய்த் தெரிவதில்லை. அதனை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறுதல் பொருந்தாது.

இரண்டாம் சனிக்கிழமை கொலையாளியைத் தேடும் வேலை. எண்ணெய் குறைந்திருக்கிறதா? எஞ்சின் எண்ணெயில் தேய்மானம் தடுக்கச் சேர்க்கும் பாஸ்பரஸும் துத்தநாகமும், எண்ணெய் எரியும் எஞ்சினிலிருந்து வந்து வினையூக்கியின்மேற் கண்ணாடி போலப் பூசிவிடும். எண்ணெய் குறையவில்லை. குளிர்விக்கும் நீர் குறைந்திருக்கிறதா? தலைக் கேஸ்கெட் பழுதாகி அந்நீர் புகையிற் கலந்தால் அதிலுள்ள உப்புக்கள் படிந்து துளைகளை மூடும். அதுவும் குறையவில்லை. எஞ்சியது தீப்பற்றாமை. நிறுத்திவைத்து எஞ்சினை ஓட்டினால் ஒரு தவறும் இல்லை. அப்பொழுது நண்பர் ஒரு செய்தியை நினைவுகூர்ந்தார். முந்திய ஆண்டு குடும்பத்தோடு கொடைக்கானல் மலை ஏறுகையில், மஞ்சள் விளக்கு நிலையாக எரியாமல் கண்சிமிட்டியதாகவும், கம்பி தளர்ந்திருக்கும் என்று எண்ணிப் பொருட்படுத்தாது ஏறியதாகவும், சமவெளி வந்ததும் நின்றுவிட்டதாகவும் கூறினார். மேஸ்திரியார் தலையில் அடித்துக்கொண்டார். நிலையாக எரியும் விளக்கு, சமயம் பார்த்துப் பட்டறைக்கு வா என்பது. கண்சிமிட்டும் விளக்கோ, இந்நொடியே கன்வர்ட்டர் வெந்துகொண்டிருக்கிறது, முடுக்கியை விடு என்பது. வண்டியோடு தரப்படும் கையேட்டில் இஃது எழுதப்பட்டே இருக்கிறது. அக்கையேட்டைப் படிப்பார் யார்?

சுமையேற்றினாலன்றிப் பிழை வெளிப்படாது என்று தெரிந்தது. மலைக்குப் போக நேரமில்லை. ஆதலின் வண்டியில் ஐவர் ஏறி, நகர்ப்புறத்து மேம்பாலத்தில் உயர்ந்த கியரிலேயே மெல்ல ஏறினோம். கனத்த உடம்பினராகிய பௌதிக ஆசிரியர் அன்று விஞ்ஞானத்துக்கு ஆற்றிய தொண்டு பெரிது. மூன்றாம் ஏற்றத்தில், ஸ்கேனரின் கணக்கில் இரண்டாம் சிலிண்டருக்கு நேரே பதினேழு தவறுகள் விழுந்தன. மற்றவற்றில் ஒன்றுமில்லை.

ஒரு சிலிண்டர் மட்டும் தவறுவதற்கு பிளக், அதற்கு மின்சாரம் ஊட்டும் காயில், பெட்ரோல் தெளிக்கும் இஞ்செக்டர், வால்வின் இறுக்கக்குறைவு எனக் காரணம் பலவாம். ஒவ்வொன்றாய்ப் புதியது வாங்கி மாற்றிப் பார்ப்பது செல்வர் வழி. மேஸ்திரியார் காசு செலவில்லா வழியைக் காட்டினார். இரண்டாம் சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதிலும், மூன்றாவதன் காயிலை இரண்டாவதிலும் மாட்டினார்; வேறெதையும் தொடவில்லை. மீண்டும் ஐவரும் மேம்பாலம் ஏறினோம். தவறுகள் இப்பொழுது மூன்றாம் சிலிண்டரில் விழுந்தன. காயில் போன இடத்துக்குப் பிழையும் போயிற்று. ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாது வைத்தல் என்று சோதனைச்சாலையில் யாம் ஓயாது கூறும் முறையை, அதன் பெயரறியாமலே அவர் நாற்பது ஆண்டு கையாண்டு வந்திருக்கிறார். காயிலின் ரப்பர் உறையைப் பிரித்துப் பார்த்தோம். உட்புறத்தில், மயிரிழை போன்ற கரிக்கோடு ஒன்று ஓடியிருந்தது. சூடேறி, சுமையும் ஏறும்போது மின்பொறி பிளக்கைச் சேராமல் அக்கோட்டின் வழியே எஞ்சின் உடலுக்குத் தப்பியிருக்கிறது.

ஒரு காயிலின் பிழை கன்வர்ட்டரைக் கொன்ற விதம் இதுவாகும். பொறி பற்றாத சிலிண்டரிலிருந்து பெட்ரோலாவியும் காற்றும் எரியாமலே புகைக்குழாயில் இறங்கும். அடுத்து அவை சந்திப்பது, நானூறு டிகிரிக்கு மேல் காய்ந்து, எரிப்பதற்கென்றே அமைந்த வினையூக்கியை. எஞ்சினில் எரிய வேண்டியது முழுதும் தேனடைக்குள் எரிகிறது. நல்ல வண்டியில் கலத்தின் சூடு பெரும்பாலும் 400 முதல் 800 டிகிரி செண்டிகிரேடுக்குள் அடங்கும். இத்தகைய தீயிலோ 1,000 டிகிரியை விரைந்து தாண்டும். அலுமினாப் பூச்சின் நுண்பள்ளங்கள் சரிந்து மூடிக்கொள்ளும்; தூவிய உலோக மணிகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிப் பெருமணிகளாகும்; எடை குறையாமலே முகப்பரப்புக் குறையும். எம் வினாவுக்கு விடை இதுவே: வினையூக்கி செலவழியவில்லை, திரண்டுவிட்டது. சூடு 1,450 டிகிரியை நெருங்குமாயின் பீங்கானே உருகும்.

ஆகவே, நண்பர் மாட்டிய புதிய கலத்தை அதற்கு முந்தியதைக் கெடுத்த பிழையே காத்திருந்து கெடுத்தது என்று கொள்ளலே பொருத்தம். முதற் கலம் பட்டறையிலேயே விடப்பட்டதால் அதனைப் பார்க்க முடியவில்லை. புதிய காயிலின் விலை கன்வர்ட்டர் விலையிற் பத்திலொரு பங்கும் இல்லை. அதனோடு நான்கு பிளக்குகளையும் மாற்றி, மும்முறை மேம்பாலம் ஏறித் தவறு ஒன்றும் விழவில்லை என்று கண்ட பின்னரே, கன்வர்ட்டரை மாற்ற மேஸ்திரியார் சம்மதித்தார்.

இங்கே நண்பருக்கு இரண்டு சபலங்கள் உண்டாயின. அவை பலருக்கும் உண்டாவன. பெட்ரோலிற் கலந்தால் கன்வர்ட்டரைத் துப்புரவு செய்யும் என்று விற்கப்படும் திரவங்கள் ஒன்று. மேலோட்டமாய்ப் படிந்த கரியை அவை ஒருகால் நீக்கலாம். உருகிய பீங்கானையும் திரண்ட உலோகத்தையும் எந்தத் திரவமும் பழைய நிலைக்குக் கொணராது. மற்றொன்று, கலத்தை அறுத்து உள்ளே இருப்பதைக் குடைந்தெடுத்து வெறுங்கூட்டை மாட்டிவிடுதல், சென்சாரை ஏமாற்ற ஒரு சிறு துண்டுக்குழாயை இடையில் வைத்தல். விளக்கு அணையும், வண்டியும் விரைவாய் ஓடும், செலவும் இல்லை என்று அவருக்கு ஒருவர் யோசனை சொல்லியிருந்தார். சட்டத்துக்கு மாறானது என்பது ஒருபுறமிருக்க, அவ்வண்டி நாள்தோறும் நிற்பது எங்கே? தொடக்கப்பள்ளியின் வாயிலில், பிள்ளைகளை ஏற்றிக்கொள்ள. அதைச் சொன்னபின் நண்பர் அப்பேச்சை எடுக்கவில்லை.

மாற்றும் வேலையில் அறிய வேண்டியவை சில. எஞ்சினை நிறுத்திப் பல மணி நேரம் ஆறவிடல் வேண்டும். கலம் தீக்கொள்ளி போலச் சுடும். வண்டியை ஜாக்கியால் தூக்கிவிட்டு அதன்கீழ் நுழைதல் உயிருக்குக் கேடு. உறுதியான தாங்கிகளை முட்டுக் கொடுத்தபின்னரே படுக்க வேண்டும். துருவேறிய போல்ட்டுகளுக்கு முன்னாளே துருநீக்கும் எண்ணெய் விட்டுவைத்தால் உடையாமல் வரும். கேஸ்கெட்டையும் நட்டுகளையும் புதியனவாகவே போடுதல் நலம். பழைய கேஸ்கெட்டினால் ஒழுக்கு உண்டாகி மீண்டும் அதே குறியீடு தோன்றும். சென்சாரின் மரையில் பூசும் பசை அதன் முனையிற் படலாகாது. சிலிக்கோன் பசைகளை இணைப்பிற் பூசுவோர் உளர். அதன் ஆவி சென்சாரையே குருடாக்கும். மலிவான கலங்களில் உலோகமும் சீரியமும் குறைவாதலின், சில மாதங்களிற் குதிர் வறண்டு விளக்கு எரியும். ஆதலால் அவ்வண்டிக்கென்றே அங்கீகரிக்கப்பட்டதை வாங்கச் செய்தோம். அதற்காக நண்பர் கடன் வாங்கினார் என்பதை மறைக்க யாம் விரும்பவில்லை. கழற்றிய பழைய கலத்தில் உயர்ந்த உலோகம் இருந்தபடியே இருக்கும். அதனை வாங்கிப் பிரித்தெடுப்போர் உளர். ஆகவே அதனைப் பட்டறையில் விட்டுவிட்டு வராமல் கேட்டு வாங்கி, விலை விசாரித்துக் கொடுத்தல் வேண்டும்.

மேலே கூறியவற்றோடு கன்வர்ட்டரைக் கெடுக்கும் வேறு செயல்களும் உள. மின்கலம் இறந்த வண்டியை நெடுந்தூரம் தள்ளி இயக்க முயல்வது எரியாத பெட்ரோலைக் கலத்தில் நிரப்பும். உயர்ந்த வேகத்தடையில் அடிப்புறம் மோதுவதும், கொதிக்கும் கலத்தோடு வெள்ளத்தில் இறங்குவதும் பீங்கானைப் பிளக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் உடனே கன்வர்ட்டரை ஐயுறுதலும் கூடாது. பெட்ரோலிலுள்ள சிறிது கந்தகம், பெட்ரோல் மிகுதியாய்ச் செல்லும்போது அவ்வாறு வெளிப்படும். அங்கே நோக்க வேண்டியது பெட்ரோலின் அளவை.

புதிய கலம் பொருத்தியபின் குறியீடுகளை அழித்தோம். இப்பொழுது அழித்தல் குற்றமன்று. விளக்கு அணைந்ததே போதும் என்று இருந்துவிடவில்லை. குறியீட்டை அழித்தால் கணினி தன் சோதனைகளை எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். கன்வர்ட்டர்ச் சோதனை முடிவதற்குக் குளிர்ந்த எஞ்சினில் தொடங்கி, நகரிலும் நெடுஞ்சாலையில் சீரான வேகத்திலும் சில நாள் ஓட வேண்டும். ஆறாம் நாள் ஸ்கேனரில் அச்சோதனை முடிந்தது என்று வந்தது. முன் சென்சாரின் கோடு அலைபோல் ஆட, பின் சென்சாரின் கோடு 0.68 வோல்ட்டில் நூல் பிடித்தாற்போல நின்றது. நண்பர் அதனை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இக்கட்டுரை எழுதும் இன்று பதினாறு மாதம் கடந்துவிட்டது, இடையில் இருமுறை கொடைக்கானலுக்கும் போய்வந்தார், விளக்கு எரியவில்லை.

பழைய கலத்தை விற்குமுன், அவர் அனுமதியோடு அதிலிருந்து ஒரு வில்லையை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டோம். நார்ப்பாயின் தூசு நெஞ்சுக்குக் கேடாதலின் முகமூடி அணிந்தே அறுத்தோம். அவ்வில்லை இரசாயனசாலையின் மூன்றாம் அலமாரியில் இருக்கிறது. வினையூக்கிப் பாடம் நடக்கும் நாளில் அதனை மாணவர் கையிற் கொடுத்து, சன்னலுக்கு நேரே பிடித்துப் பார்க்கச் சொல்கிறோம். ஓரத்துத் துளைகளில் வெளிச்சம் புள்ளிபுள்ளியாய்த் தெரியும். நடுவில் கைப்பெருவிரல் அகலத்துக்கு, உருகி வழிந்து உறைந்த மெழுகு போலப் பீங்கான் மூடிக்கிடக்கும். அங்கே ஒன்றும் தெரியாது.